பதில் சொன்ன பெட்டி

அக்டோபர் 9, திங்கள்

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. இண்டக்ஷன் அடுப்பில் உப்புமா கிண்டினேன். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பள்ளிக்குப் போனாள். புது சிலிண்டருக்குச் சொல்லியாயிற்று.

ஆஸ்பத்திரிக்குள் கால் வைப்பதற்குள் மூன்றாம் வார்டில் கணினி மந்தம் என்று புகார். அறுபது படுக்கை, முப்பத்தெட்டு கணினி, பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி. பதினோரு வருடத்தில் என் பெயர் அமுதவல்லி என்பதே இங்கே பாதிப் பேருக்கு மறந்துபோய், சிஸ்டம் மேடம் ஆகிவிட்டேன்.

சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கழித்துப்போட்ட பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி நானே தயார் செய்தது. சந்தேகப்படும் கணினியின் வயரைக் கழற்றி இதில் சொருகி, அந்தக் கணினியின் நெட்வொர்க் முகவரியையே இதற்கும் கொடுத்துவிட்டால், கோளாறு வயரிலா கணினியிலா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரே முகவரியை இரண்டு கணினிக்குக் கொடுக்காதே என்று புத்தகத்தில் போட்டிருக்கும். புத்தகம் எழுதினவர் ஒருத்தியாக முப்பத்தெட்டைப் பார்த்திருக்க மாட்டார்.

வார்டு வயரில் கோளாறு இல்லை. வயர்கள் எல்லாம் வந்து சேரும் மாடிப்படி அலமாரியில்தான் ஏதோ என்று, பெட்டியை அங்கே கொண்டுபோய்ச் சொருகி நீண்ட சோதனை ஒன்றை ஓடவிட்டேன். வார்டுக் கணினிக்கு அதன் வயரைத் திரும்பக் கொடுத்தேன். அதற்குள் பில்லிங் கவுண்டரில் பிரிண்டர் படுத்துக்கொண்டது. அங்கே பிரிண்டரின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தபோது மூன்றாம் வார்டு தவமணி சிஸ்டர் இண்டர்காமில் பிடித்தார். திரையில் ஏதோ கட்டம் வருகிறதாம். மூடிவிடச் சொன்னேன்.

ஐந்தேகாலுக்குச் சோதனைப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

நேற்று மாலை நாலே முக்காலுக்கு மூன்றாம் வார்டில் ஒருவர் இறந்துவிட்டாராம். நாச்சிமுத்து, ஐம்பத்து நாலு வயது, மூலனூர்க்காரர். சிறுநீரகக் கோளாறு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏழு புள்ளி இரண்டுக்கு ஏறிப்போய் இதயம் நின்றுவிட்டது. இரண்டு மணி பத்து நிமிடத்துக்கே லேபில் ரிப்போர்ட்டைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். உடனே பார்த்திருந்தால் ஊசி போட்டு இறக்கியிருக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

முன்பெல்லாம் இப்படி ஒரு எண் வந்தால் லேபிலிருந்து போன் போகும். கணினி வந்த பிறகு, ஏற்றினால் போதும், வார்டில் சிவப்பில் தெரியும் என்று மாற்றினோம்.

பாவம். சிலிண்டர் இன்னும் வரவில்லை.

அக்டோபர் 11, புதன்

பெரிய டாக்டர் அழைத்தார். தவமணி சிஸ்டர், ரிப்போர்ட் என் திரையில் வரவே இல்லை என்கிறாராம். திங்கள் மாலை ஆறரைக்கு எல்லாரும் கூடி நின்று பார்த்தபோது சிவப்பில் பளிச்சென்று இருந்திருக்கிறது. ஆறு மணி ஷிஃப்டுக்கு வந்தவர் மந்தமாக இருக்கிறதென்று அணைத்துப் போட்டதும் வந்ததாம். அதற்கு முன்னால் கணினிக்கு லைன் இருந்ததா இல்லையா, அதுதான் கேள்வி.

இதற்கெல்லாம் என்னிடம் தயங்காத பதில் உண்டு. என் மேசைக் கணினியில் ஒரு நிரல் ராப்பகலாக ஓடும். நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கணினியின் முகவரியையும் "இருக்கிறாயா?" என்று கேட்கும். பிங் என்போம். "இருக்கிறேன்" என்று பதில் வந்தால் ஒரு வரி எழுதிக்கொள்ளும், வராவிட்டால் சிவப்பில் எழுதும். திங்கட்கிழமைக்கான மூன்றாம் வார்டுப் பக்கங்களை அச்சடித்துக் கொடுத்தேன். காலையில் நான் வயரைக் கழற்றி மாற்றிய சில நிமிடங்கள் தவிர, அவர் இறந்த நேரம்வரை ஒரு சிவப்பு வரி இல்லை.

"இந்தக் கடைசிக் கட்டத்துல இருக்கற நம்பர் என்னம்மா?" என்றார் பெரிய டாக்டர்.

"அது எங்களுக்கு சார். உங்களுக்கு வேண்டியதில்லை."

அவர் சிரித்துக்கொண்டே பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டார். பதினோரு வருடத்தில் என் பேப்பரை ஒருவரும் மறுத்ததில்லை.

அக்டோபர் 12, வியாழன்

விசாரணை. பெரிய டாக்டர், நர்சிங் கண்காணிப்பாளர் அம்மா, நான், எதிரே தவமணி சிஸ்டர். பதினாறு வருட சர்வீஸ். சீருடையை இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

"லிஸ்ட்டு காத்தால இருந்த மாதிரியே நின்னுட்டு இருந்துச்சுங்க டாக்டர். லேப்லதான் லேட்டாக்கும்னு இருந்துட்டேன். காத்தால ஒரு கட்டம் வந்துச்சுங்க, இங்கிலீசுல. அட்மினிஸ்ட்ரேட்டரக் கூப்பிடுங்கன்னு போட்டிருந்துச்சு. சிஸ்டம் மேடத்துக்குப் போன் போட்டேன். மூடிருங்கன்னாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்படி ஒரு போன் எனக்கு நினைவில்லை சார்" என்றேன்.

ஒரு நாளைக்கு நாற்பது போன் வருகிறது. எது யாருடையது என்று எப்படிச் சொல்வது? தவமணி சிஸ்டர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, "எனக்குத்தான் நாள் மாறிப்போச்சோ என்னமோ" என்றார்.

சிலிண்டர் வந்துவிட்டது.

அக்டோபர் 13, வெள்ளி

தவமணி சிஸ்டரைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு என் அறையைத் தாண்டித்தான் வெளியே போனார். எனக்கு அப்போது கணினியில் முக்கியமான வேலை இருந்தது.

அக்டோபர் 15, ஞாயிறு

இட்லிக்கு அரைத்தேன். மகளின் சீருடைக்குப் பட்டன் தைத்தேன். ஃபேன் துடைத்தேன். நவராத்திரி ஆரம்பம், எதிர்வீட்டில் சுண்டல் கொடுத்தார்கள். தூக்கம் சரியில்லை, காரணம் தெரியவில்லை. சாயங்காலம் காபி குடிப்பதை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 17, செவ்வாய்

கோப்புக்கு இன்னொரு பிரதி வேண்டும் என்றார்கள். மூன்றாம் வார்டுப் பக்கங்களை மறுபடி அச்சடித்தேன். வரிசை சரியாக இருக்கிறதா என்று சும்மா பார்த்தேன்.

பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கடைசிக் கட்டம். காலை முழுக்க நூற்று இருபத்தெட்டு. பதினொன்று பதினைந்திலிருந்து மாலை ஐந்து பதினான்கு வரை அறுபத்து நான்கு. ஆறு மணிக்கு மேல் மறுபடி நூற்று இருபத்தெட்டு. பதில் சொல்லும் கணினி எந்த ரகம் என்று அந்த எண்ணை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். வார்டுக் கணினிகளைப் போல விண்டோஸ் என்றால் நூற்று இருபத்தெட்டு. லினக்ஸ் என்றால் அறுபத்து நான்கு.

நடுவில் முக்கால் மணி நேரம் சிவப்பு வரிகளும் இருக்கின்றன, ஐந்து பதினைந்திலிருந்து ஆறு வரை. அது ரிப்போர்ட்டுக்கும் அந்த மனிதருக்கும் பிந்தைய நேரம் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. நானும்தான்.

மாடிப்படி அலமாரியில் வயர்களை இணைக்கும் சுவிட்ச் பழசு. பழைய சுவிட்ச் சில நேரம் எண்களைக் குழப்பும் என்று எங்கோ படித்த ஞாபகம்.

அக்டோபர் 18, புதன்

பில்லிங் பிரிண்டர்.

அக்டோபர் 19, வியாழன்

பழைய சுவிட்ச் எண்களைக் குழப்பாது. எல்லாவற்றையும் தேடிப் படித்துவிட்டேன். குழப்பவே குழப்பாது.

அக்டோபர் 20, வெள்ளி

கேன்டீனில் நர்சிங் கண்காணிப்பாளர் அம்மா சொன்னார். தவமணி சிஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். "ரிப்போர்ட்டைப் பார்த்தும் கவனக்குறைவாக இருந்துவிட்டேன்" என்று. அப்படி எழுதிக் கொடுத்தால் நர்சிங் கவுன்சிலுக்கு அனுப்ப மாட்டோம், பேசாமல் விலகிக்கொள்ளலாம் என்றிருக்கிறார்கள்.

"அதுவும் நல்லதுக்குத்தான் மேடம், இல்லீனா ரிஜிஸ்ட்ரேசனே போயிருக்கும். உங்க பேப்பர் இல்லாட்டி இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிருக்காது" என்றார் அந்த அம்மா. எனக்கு நன்றி சொன்னார். போண்டாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அக்டோபர் 23, திங்கள், ஆயுத பூஜை

ஒவ்வொரு வருடமும் முப்பத்தெட்டு கணினிக்கும் நான்தான் சந்தனம் குங்குமம் வைப்பேன். துடைத்து, பொட்டு வைத்து, பொரி வைத்து, ஒரு நிமிடம் கும்பிட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன். இந்த வருடமும் வார்டு வார்டாகப் போனேன். மூன்றாம் வார்டில் புது சிஸ்டர் ஒருத்தர் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

கடைசியாக என் அறை. மேசைக் கணினிக்கு வைத்தேன். அலமாரியைத் திறந்தேன், சோதனைப் பெட்டி இருந்தது. போன வருடம் வைத்த பொட்டு அதன் நெற்றியில் காய்ந்து கறுத்திருந்தது. விரலில் குங்குமத்தோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்த டைரி எதற்கு?

அன்றைக்கு மாடிப்படி அலமாரியில் பெட்டியை ஓடவிட்டுப் போனேன். மூன்றாம் வார்டின் முகவரி அதில் அப்படியே இருந்தது. மாற்ற மறந்தேன். வார்டுக் கணினிக்கு வயரைத் திரும்பச் சொருகியபோது, தன் முகவரியில் வேறொருவர் இருப்பதைக் கண்டு அந்தக் கணினி லைனிலிருந்து விலகிக்கொண்டது. அதைத்தான் கட்டம் போட்டுச் சொன்னது. தவமணி சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, அது சொன்னபடியே என்னைக் கூப்பிட்டார். என் நிரல் "மூன்றாம் வார்டே, இருக்கிறாயா?" என்று கேட்டபோதெல்லாம் "இருக்கிறேன்" என்றது என் பெட்டி. ஆறு மணி நேரம். மாலையில் நான் பெட்டியை எடுத்து வைத்தேன், கணினியை அணைத்துப் போட்டார்கள், ரிப்போர்ட் வந்தது.

போன் வந்தது எனக்கு நினைவிருந்தது. விசாரணை அன்றைக்கும் நன்றாக நினைவிருந்தது.

எனக்கு அவமானமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது. இரண்டில் எது பெரிது என்று இந்நேரம் எடை போட்டுக்கொண்டிருப்பதே அசிங்கம்.

அக்டோபர் 25, புதன்

விடுப்பு போட்டுவிட்டு அலங்கியம் போனேன். தவமணி சிஸ்டர் வீடு பஸ் நிறுத்தத்திலிருந்து அரை கிலோமீட்டர். முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மேடம், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதைதான் என்னை அடித்தது.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். பெட்டி, முகவரி, போன், நான் சொன்ன பொய். அழுவார், திட்டுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"இல்லீங்க மேடம்" என்றார். "நான் பாத்தனுங்க."

எனக்குப் புரியவில்லை.

"மொதல்ல பாக்கலைன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். அப்பறம் உங்க பேப்பரக் காட்டுனாங்க. மிசினு ஒரு நிமிசங்கூட நிக்கலைன்னா, நான்தான பாத்துட்டு உட்டுருக்கோணும்? யோசிக்க யோசிக்க நெனப்பு வந்துருச்சுங்க. செவப்புல ஏழு பாயிண்டு ரெண்டு. கண்ண மூடுனா இப்பவும் தெரியுது."

"அந்த நேரத்துல உங்க கணினிக்கு லைனே இல்லை. பார்த்திருக்கவே முடியாது, சிஸ்டர்."

"எனக்கு ஆறுதல் சொல்லோணும்னு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. அதுக்காக உங்க மேல பழியப் போட்டுக்காதீங்க மேடம். எனக்கு என்னோட தப்பு தெரியும்."

ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். குடித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. வேலையைத்தான் பறித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தன் கண்ணால் கண்டதை நம்பும் தைரியத்தையும் சேர்த்துப் பறித்திருக்கிறேன்.

அக்டோபர் 26, வியாழன்

கடிதம் எழுதிப் பெரிய டாக்டரிடம் கொடுத்தேன். போன் விஷயத்தையும் எழுதினேன். இரண்டு முறை படித்தார்.

"இறந்தவங்க வீட்டுல ஒரு மாதிரி சமாதானமாயிட்டாங்க. நர்ஸும் எழுதிக் குடுத்துட்டாங்க. இப்ப இது ஆஸ்பத்திரி தப்புன்னு ஆகும். யோசிச்சுத்தான் எழுதுனீங்களாம்மா?"

"யோசிச்சதுனாலதான் சார் இவ்வளவு நாளாச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னதான் வேணுங்கிறீங்க?" என்றார்.

அதே கோளாறை மூன்றாம் வார்டில் வைத்து மறுபடி உண்டாக்கிக் காட்ட ஒரு மணி நேரம் கேட்டேன். தவமணி சிஸ்டர் கணினிக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றேன். நோயாளிகளின் பட்டியலைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, லேபிலிருந்து போனில் சொல்ல ஏற்பாடு செய்தால் அனுமதிக்கிறேன் என்றார். கடிதத்தின் நகல் ஒன்று என் கையில் இருப்பதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். வேலை போய்விடும் என்றேன். "அந்தம்மாவுக்குப் போயிருச்சே" என்றார்.

அக்டோபர் 28, சனி

பகல் பதினொரு மணி. பெரிய டாக்டர், கண்காணிப்பாளர் அம்மா, தவமணி சிஸ்டர். அவர் சேலையில் வந்திருந்தார், சீருடை போடும் உரிமை இல்லை என்று.

சோதனைப் பெட்டிக்கு மூன்றாம் வார்டின் முகவரியைக் கொடுத்து மாடிப்படி அலமாரியில் சொருகினேன். மேலே வந்து, வார்டுக் கணினியின் வயரைக் கழற்றி மறுபடி சொருகினேன். சில நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் கட்டம் வந்தது.

தவமணி சிஸ்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"இதுதானுங்க டாக்டர்! இதேதான்! இதுக்குத்தான் நான் போன் போட்டேன்!"

"ஆமாம். நான்தான் மூடச் சொன்னேன்" என்றேன்.

லேபில் ஒரு பொய்ப் பெயரில் ஏழு புள்ளி இரண்டு ஏற்றச் சொல்லியிருந்தேன். ஏற்றியாயிற்று என்று போன் வந்தது. திரையில் பட்டியல் அசையவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அசையவில்லை. மேசைமேல் என் மடிக்கணினியில் மட்டும் வரி வரியாகப் பதில் வந்துகொண்டிருந்தது, கடைசியில் அறுபத்து நான்கு. பெரிய டாக்டர் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார். இந்த முறை அது என்னவென்று சொன்னேன்.

கீழே போய்ப் பெட்டியை அணைத்தேன். வார்டுக் கணினியை அணைத்துப் போட்டதும் பட்டியல் வந்தது. சிவப்பில் ஏழு புள்ளி இரண்டு.

தவமணி சிஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாயங்காலம் நீங்கெல்லாம் கூடி நின்னு பாத்தப்ப, பின்னால நின்னு நானும் எட்டிப் பாத்தேன். அப்பப் பாத்ததுங்க அது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப நான் பாக்கலீங்க?" என்றார்.

"பாக்கலை."

"பாத்துட்டு உடலீங்க?"

"இல்லை சிஸ்டர். உங்களுக்கு வரவே இல்லை."

முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கண்காணிப்பாளர் அம்மா தோளில் கை வைத்ததும் தட்டிவிட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டர் திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொன்னார். தவமணி சிஸ்டர் தலையாட்டினார், ஆனால் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. என்னிடம்தான் வந்தார்.

"நான் மூலனூரு போயிட்டு வந்துட்டனுங்க மேடம். கையெழுத்துப் போட்ட அடுத்த நாளே. அவரு சம்சாரத்துகிட்ட, பாத்துட்டு உட்டுட்டேன் தாயி, நான்தான் கொன்னுட்டேன்னு கால்ல உழுந்துட்டு வந்தேன். அந்தம்மா மன்னிச்சுட்டாங்க. இப்ப என்னங்க பண்றது? அங்க யாரு போறது?"

"நான் போகிறேன்" என்றேன்.

"நான் வரமாட்டேனுங்க" என்றார். "என்னால இன்னொருக்கா முடியாது."

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாலையில் சாவிகளையும் கடவுச்சொற்கள் எழுதிய நோட்டையும் ஒப்படைத்தேன். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று கடிதம் கொடுத்தார்கள். இனி லேபிலிருந்து போனும் போக வேண்டும் என்று சுற்றறிக்கை ஒட்டியிருந்தது.

அக்டோபர் 30, திங்கள்

பத்து இருபது பஸ்ஸில் மூலனூர். நாச்சிமுத்துவின் மனைவி பெயர் தெய்வாத்தாள். தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார். நானும் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தேன்.

பெட்டி, முகவரி என்றெல்லாம் ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். "உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட்டு அந்த சிஸ்டருக்குப் போகாம தடுத்தது என்னோட தப்பு. அவங்க பாக்கவே இல்லை. அவங்க கூப்பிட்டும் நான் வந்து பாக்கலை. கேட்டப்ப இல்லைன்னு பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் தண்ணீர்ச் செம்பைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"மொதல்ல ஒரு புள்ள வந்து நான்தான்னு கால்ல உழுந்துச்சு. மனசக் கல்லாக்கிட்டு, போ சாமின்னு அனுப்பி வெச்சேன். இப்ப நீங்க வந்து நான்தான்ங்கறீங்க. இன்னும் எத்தன பேரு வருவீங்க?"

"இனி யாரும் வரமாட்டாங்க" என்றேன். "நான்தான்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார். சொன்னேன்.